வளைவைக் கூட்டியவள்

விடிந்தும் விடியாத நேரத்தில் அக்காக்காரி சாலை வளைவில் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, சாக்கடை ஓரத்துக் கண்ணாடிச் சில்லுகளை விரலால் பொறுக்கிக்கொண்டிருந்தாள். துடைப்பத்துக்குச் சிக்காத சில்லுகள். நாலு வருடமாக இந்த வளைவைக் கூட்டுவது அவள்தான். வாரத்துக்கு இரண்டு வண்டியாவது இங்கே முட்டிக்கொள்ளும். மறுநாள் அள்ளிக் கொட்டுவது அவள் தலையெழுத்து.

மூன்று மாதத்துக்கு முன் அப்படி ஒரு வண்டி, எதிர்ப்பக்கம் கூட்டிக்கொண்டிருந்த அவள் தங்கையைத் தூக்கி எறிந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் 'தவறி விழுந்தார்' என்று எழுத வைத்தது மேஸ்திரிதான். போலீஸ் கேஸ் ஆனால் ஒப்பந்தக்காரர் இரண்டு பேரையும் வேலையை விட்டுத் தூக்கிவிடுவாராம். முழங்கால் மடங்காமல் போன தங்கை, வருகிற திங்கட்கிழமை இதே வளைவுக்குத் திரும்ப வேண்டும். வண்டி பாய்ந்து வந்தால் சட்டென்று விலக அவளால் ஆகாது. ஒரு வேகத்தடை, ஓரமாக ஒரு தடுப்புக் கம்பி. அது கேட்டு அக்காக்காரி ஏறாத அலுவலகப் படி இல்லை.

"வியாழக்கிழமை சாலைப் பாதுகாப்புத் தணிக்கைக்கு வர்றாங்க. அவங்க எழுதினாத்தான் எதுவும் நடக்கும்" என்று கடைசியில் ஒரு குமாஸ்தா வாய் திறந்தார்.

அந்த வியாழக்கிழமைதான் இன்று. "பெரிய ஆளுங்க வர்றாங்க. ரோட்டுல சோத்தைக் கொட்டிச் சாப்பிடலாம் போல இருக்கணும்" என்று மேஸ்திரி நேற்றே விரட்டியிருந்தார். விரட்டாவிட்டாலும் அவள் செய்திருப்பாள். நல்ல காரியத்துக்கு வருகிறவர்கள் முகம் சுளிக்கலாமா? நடுத்திட்டில் வண்டிகள் உரசிய பெயின்ட்டைச் சுரண்டி வெள்ளையடித்தாள். சிமென்ட் சாலையில் டயர் இழுத்த கறுப்புத் தடங்களைச் சோப்புத்தூள் போட்டு, தோள்பட்டை கழன்றுவிடும் போலத் தேய்த்தாள். உடைந்த விளக்கு, பாதி நம்பர் பலகை, ஒற்றைச் செருப்பு எல்லாம் குப்பை லாரியில் போய்ச் சேர்ந்தன.

பத்து மணிக்கு அதிகாரியம்மா வந்தார். கையில் டேப்லெட், கூடவே அளவு பிடிக்க ஓர் ஆள். வளைவை இரண்டு முறை நடந்து பார்த்தார். நடுத்திட்டைக் குனிந்து பார்த்தார். கறாரான மனுஷி, ஆனால் நல்ல மனுஷி என்று அக்காக்காரிக்குத் தோன்றியது.

"முன்னெல்லாம் போலீஸ் கேஸை எண்ணித்தான் எழுதுவோம்" என்றார் மேஸ்திரியிடம். "பாதி விபத்து கேஸாவே வர்றதில்லை. அதனால இப்போ முறையை மாத்திட்டாங்க. ரோட்டுல கிடக்கிற கண்ணாடி, டயர் தடம், உரசல், ஒவ்வொண்ணுக்கும் மார்க் உண்டு. மார்க் சேர்ந்தாத்தான் ஆபத்தான இடம்னு எழுத முடியும். இங்க ஒண்ணுமே இல்லையே!"

அக்காக்காரி துடைப்பத்தைப் போட்டுவிட்டு முன்னால் வந்தாள்.

"இருந்துச்சும்மா! நேத்து வரைக்கும் இருந்துச்சு. நான்தான் கூட்டிட்டேன். என் தங்கச்சிய இங்கதாம்மா அடிச்சுட்டுப் போனான்!"

"கேஸ் இருக்கா? ஆஸ்பத்திரிச் சீட்டாவது?"

மேஸ்திரி தொண்டையைச் செருமிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்கும் அக்காக்காரிக்கும் தெரியும்.

"புரியுதும்மா" என்றார் அதிகாரியம்மா. "ஆனா கண்ணால பாத்ததைப் போட்டோ எடுத்துத்தான் ஏத்த முடியும். நீங்க சொல்றதை எழுத இதுல இடமில்லை."

"திரும்ப எப்போம்மா வருவீங்க?"

"மூணு வருஷம் ஆகும்." வண்டியில் ஏறும்போது மனதாரச் சொன்னார்: "இவ்வளவு சுத்தமான ரோட்டை நான் பாத்ததே இல்லை." மேஸ்திரிக்கு வாயெல்லாம் பல்.

படுபாவி, என் கையாலேயே துடைச்சேனே என்று மூன்று நாளும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை காலை தங்கையோடு வந்தபோது, வளைவில் புதிதாக ஒரு வண்டி விளக்கு நொறுங்கிக் கிடந்தது. அக்காக்காரி அதைச் சுற்றிக் கூட்டினாள், அதைத் தொடவில்லை.

"என்ன, கண்ணு அவிஞ்சு போச்சா? அள்ளு" என்றார் மேஸ்திரி.

"கிடக்கட்டும்."

"மூணு வருஷம் காவல் காக்கப் போறியா? அள்ளலைன்னா ரெண்டு பேருக்கும் இன்னைக்கு ஆப்சென்ட்."

அவள் அசையவில்லை. தங்கை ஊன்றுகோலை நடுத்திட்டில் சாய்த்து வைத்தாள். மடங்காத காலைச் சாலைப் பக்கமாக நீட்டி மெல்லக் கீழே உட்கார்ந்து, சில்லுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட ஆரம்பித்தாள். நீட்டிய காலுக்குப் பக்கத்திலேயே வண்டிகள் வேகம் குறையாமல் திரும்பிக்கொண்டிருந்தன.