பிஸ்கட்டுக்கு ஆவி பிடித்தேன்

"பிஸ்கட்டையும் பன்னையும் ஒரே டப்பாவுல போட்டா ரெண்டும் கெட்டுப்போயிடுங்க."

"ரெண்டுமேவா?"

"ஆமாங்க. பன்னுல இருக்கற ஈரத்தைப் பிஸ்கட் உறிஞ்சிக்கும். இது நமத்துப் போகும், அது கல்லாப் போகும்."

"அப்ப சேத்து வைக்கவே கூடாதா?"

"கூடவே கூடாதுங்க."

அவர் என்னிடம் முதன்முதலாகப் பேசிய பேச்சு இது. ஒரு எழுத்துப் பிசகாமல் ஞாபகம் இருக்கிறது. அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை தவறாமல் பிஸ்கட்டையும் பன்னையும் ஒரே டப்பாவில் போட்டு இறுக்கி மூடி வைத்தேன்.

எதிர் வீட்டு மாடியில் தனியாகக் குடியிருப்பவர். பேக்கரிகளுக்கு ஓவன் பழுது பார்ப்பது தொழில். எங்கள் வீட்டுச் சின்ன ஓவன் சூடாகவில்லை என்று அப்பா கூப்பிட்டார். வந்து பார்த்துச் சரிசெய்தார். ஓவன் சூடாவதற்கு முன்பே எனக்குக் காது மடல் சூடாகிவிட்டது.

அப்பாவுக்கு ஒரு பழக்கம் உண்டு. கடை மூடுகிற நேரத்தில் ஒரு பேக்கரியைச் சும்மா கடந்து வர அவரால் முடியாது. "மிச்சம் இருக்கறதைக் கட்டுங்க" என்று சொல்லிவிடுவார். எங்கள் வீட்டில் ஆளைவிடப் பன் அதிகம். பழசைப் புதுசாக்கத் தெரிந்த ஒருவர் எதிரிலேயே இருக்கிறார் என்றதும் அப்பாவுக்குத் தலைகால் புரியவில்லை. சனிக்கிழமை மாலையானால் ஜன்னலில் நின்று அவரே குரல் கொடுப்பார். "தம்பி, கொஞ்சம் வந்துட்டுப் போங்க!"

தம்பி வருவார். நமத்த பிஸ்கட்டுகளை ஒன்றையொன்று தொடாமல் தட்டில் பரப்புவார். "நூத்தம்பதுல வைங்க. எடுத்ததும் கடிக்காதீங்க, ஆறினாத்தான் மொறுமொறுப்பு வரும்" என்பார். காய்ந்த பன்னின் தலையை, குழந்தைக்குத் தலை வாரி விடுவதுபோல ஈரக்கையால் தடவி உள்ளே தள்ளுவார். எதைக் கேட்டாலும் நூற்றைம்பது டிகிரி என்பதால் அண்ணி அவருக்கு நூத்தம்பது என்றே பெயர் வைத்துவிட்டாள்.

பிஸ்கட் ஆறும்வரை அவர் இருந்துதானே ஆக வேண்டும்? எனக்கு வேண்டியது அந்த நேரம்தான். கண்ணாடிக் கடையில் நாள் முழுக்க முன்பின் தெரியாதவர்களின் மூக்குக்கு நேரே குனிந்து பிரேம் சரிசெய்கிறவள் நான். இந்த ஒரு முகத்தை மட்டும் நிமிர்ந்து பார்க்க வரவில்லை. கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. அது நாக்கு நுனிவரை வந்து, "இன்னிக்கு வெளிய வெயில் அதிகமோ?" என்று மாறி விழும்.

போன வாரம் அம்மாவுக்குச் சந்தேகம் வந்துவிட்டது. "ஊர்ல எல்லார் வீட்லயும்தான் பிஸ்கட் இருக்கு. நம்ம வீட்டுல மட்டும் வாரா வாரம் எப்படி நமக்குது?"

மறுநாளே அப்பா இரண்டு புதிய டப்பாக்களோடு வந்தார். மூடியில் ரப்பர் வளையம், நாலு பக்கமும் கொக்கி. "காத்துகூட நுழையாது!" பிஸ்கட்டுக்கு ஒன்று, பன்னுக்கு ஒன்று. அம்மா தன் கையாலேயே மூடி மேல் அலமாரியில் ஏற்றினாள்.

சனிக்கிழமை காலை யாருக்கும் தெரியாமல் எடுத்து ஒரு பிஸ்கட்டைக் கடித்தேன். கடக்கென்று சத்தம் கேட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது. இனி எதைச் சாக்கு வைத்து அவரைக் கூப்பிடுவது?

கெட்டிலில் தண்ணீரைக் கொதிக்க வைத்தேன். இடுக்கியில் ஒவ்வொரு பிஸ்கட்டாகப் பிடித்து ஆவியில் காட்டினேன். பாதித் தட்டு முடிந்திருக்கும், பின்னால் அண்ணி.

"என்னடி பண்றே?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

"பிஸ்கட்டுக்கு ஆவி பிடிக்கிறியா? ஏன், அதுக்குச் சளியா?"

இடுக்கியிலிருந்தது ஒடிந்து கெட்டிலுக்குள் விழுந்தது. அண்ணி தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஜன்னல் வழியே எதிர் மாடியைப் பார்த்தாள். அப்புறம் சிரித்த சிரிப்பில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"அடி கள்ளி! அந்த நமத்த டப்பாவும் உன் வேலைதானா? உன் காதலுக்கு நான் வாரா வாரம் சவசவன்னு தின்னேனா?"

"மெதுவா அண்ணி, அம்மா காதுல விழும்!"

"வாயைத் திறந்து கேட்டுத் தொலையேன்டி."

"எப்படிக் கேக்கறது? பயமா இருக்கு."

"ஒரு டப்பா பிஸ்கட்டை உயிரோட வேகவைக்கிறே, இதுக்குத்தான் பயமாக்கும்! தள்ளு, மீதியை நான் காட்டறேன். பழைய டப்பாவுல மிச்சமிருந்ததுன்னு மாமாகிட்ட சொல்லிக்கலாம்."

இரண்டு பேர் சேர்ந்தால் வேலை பாழ் என்பது சரிதான். மாலையில் அப்பா குரல் கொடுக்க, அவர் இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து ஒரு பிஸ்கட்டை எடுத்தார். அது துவைத்த கைக்குட்டை மாதிரி விரலில் மடிந்து தொங்கியது.

"சார், இது நமத்தது இல்ல," என்றார் மெல்ல. "குளிச்சிருக்கு."

அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு அறைக்குள் ஓடினாள்.

"நூத்தம்பதுல வெச்சாக்கூடவா தேறாது?" என்றார் அப்பா.

"தேறாது சார். இதுக்கு மேல என்னால முடியாது."

"போகட்டும் விடுங்க தம்பி. இனிமே உங்களுக்குத் தொந்தரவே இல்ல." அப்பா அலமாரியிலிருந்து புது டப்பாவை இறக்கிப் பெருமையோடு நீட்டினார். "காத்துப் புகாதது. இனி எதுவும் நமக்காது, காயாது."

அவர் அந்தக் கொக்கிகளை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தார். துக்கம் விசாரிக்க வந்தவர் குரலில், "நல்ல டப்பாதான் சார்" என்றார். "அப்ப நான் வரவேண்டிய அவசியம் இல்ல."

டப்பாவை அப்பாவிடமே கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார். வலது காலை இடது ஷூவுக்குள் நுழைத்து வெகுநேரம் மல்லுக்கட்டினார். அண்ணி அறையிலிருந்து தலையை நீட்டி என்னைப் பார்த்து முழித்தாள். அம்மா கரண்டியோடு நின்றாள்.

"கொஞ்சம் நில்லுங்க" என்றேன்.

நிமிர்ந்தார். நானும் நிமிர்ந்தேன். இவ்வளவு நாள் பார்க்காத முகத்தை நேருக்கு நேர் பார்த்தால், அங்கேயும் காது மடல் சிவந்திருந்தது.

"அப்பா, நீங்க அந்த டப்பாவைக் கீழ வெச்சிடுங்க, கை நழுவிடும்."

அப்பா ஒன்றும் புரியாமல் வைத்தார்.

"என்னைக் கல்யாணம் பண்ணிக்கிறீங்களா?" என்று அவரைக் கேட்டேன்.