மணியடிக்கும் முன் கழற்றிய ஏப்ரன்

விடியுமுன்னே மீன் வந்து இறங்கிவிடும். குளத்திலிருந்து துள்ளத் துள்ள வரும் கெளுத்தி. மிசிசிப்பி டெல்டாவின் அந்தச் சிற்றூரில் பெண்களுக்குச் சோறு போடுவது அந்த மீன் வெட்டும் ஆலைதான், இடுப்பை ஒடிப்பதும் அதேதான். மீனின் தலையறுக்கும் ரம்பம் ஓலமிடத் தொடங்கியதும் ஐஸ் தண்ணீரில் கால் ஊற நின்று, வந்து விழுகிற மீனையெல்லாம் பிளந்து தள்ள வேண்டும். விரல் விறைத்துப்போகும், மணிக்கட்டு வீங்கும். மூத்திரம் முட்டினாலும் மேற்பார்வையாளன் டார்ப்ளி தலையாட்டும்வரை அடக்கிக்கொண்டு நிற்க வேண்டும். இப்படி நின்றே வெர்லீனுக்குத் தலை நரைத்துவிட்டது.

அவளுக்குப் பக்கத்தில் ஓஸெல்லா. எப்போதும் ஏதாவது ஒரு தேவாலயப் பாட்டை முனகிக்கொண்டே கத்தியை ஓட்டுவாள்.

"உன் தொல்லை தாங்கலடி. வாயை மூடிக்கிட்டு வெட்டு" என்பாள் வெர்லீன்.

"சாகப்போற மீனுக்கு ஒரு பாட்டாவது வேணாமாடி?"

அன்றைக்கும் பாடிக்கொண்டுதான் இருந்தாள். திடீரென்று நிறுத்திவிட்டுக் கையைத் தூக்கினாள்.

"மிஸ்டர் டார்ப்ளி, நெஞ்சை அடைக்குது. கொஞ்சம் உக்காந்துக்கறேன்."

"இடைவேளையில உக்காரலாம். மீனைப் பாரு."

அடுத்த மீனை எடுத்தவள் அப்படியே சரிந்தாள். ரம்பம் நிற்கவில்லை. படுபாவி, அதை நிறுத்தவே இல்லை! வெர்லீன் கத்தியைப் போட்டுவிட்டு ஓடினாள். ஓஸெல்லா ஐஸ் தண்ணீரில் கிடந்து நடுங்கினாள். போர்த்துவதற்கு அங்கே துணி ஏது? வெர்லீன் உடுப்புமேல் கட்டியிருந்த தன் ஏப்ரனைக் கழற்றிப் போர்த்தினாள். பின்னாலேயே, அதே வரிசையில் வெட்டும் இளையவள் டெலோயிஸ் வந்தாள். பிறகு வரிசையில் நின்ற மற்றவர்களும் வந்தார்கள். ஏப்ரன்மேல் ஏப்ரனாகப் போர்த்தியும் அந்த நடுக்கம் அடங்கவில்லை. அடங்கியபோது உயிரும் அடங்கிவிட்டது.

வேலை முடியும் மணியடிக்கும் முன் ஏப்ரனைக் கழற்றினால் வேலையை விட்டதாக அர்த்தம். சேர்ந்த முதல் நாளே காதில் ஓதும் விதி அது. அந்த நேரத்தில் யாருக்கு அது ஞாபகம் வரும்? டார்ப்ளிக்கு வந்தது.

"கழட்டியாச்சுல்ல? நீங்களாத்தான் போயிட்டீங்க. நான் யாரையும் அனுப்பலை" என்று சொல்லி, வேலைக்குத் திரும்பியவர்களுக்கு வாசலைக் காட்டினான்.

வேலையிழந்தோருக்கான உதவித்தொகை அலுவலகத்தில் கேட்டபோது வெர்லீன் மறைக்காமல் சொன்னாள், ஆமாம், கழற்றினேன் என்று. தானாக வேலையை விட்டவருக்கு உதவி கிடையாது என்று கைவிரித்துவிட்டார்கள். மேல்முறையீடு செய்தாள். அதைத் தொலைபேசியில்தான் விசாரிப்பார்களாம். வாடகை பாக்கி நின்றது, வீட்டுச் சொந்தக்காரர் இந்த மாதத்தோடு காலி செய்யச் சொல்லிவிட்டார். இதிலும் தோற்றால் தெருதான்.

விசாரணை நாள் கேட்கப் போன் செய்தால் காத்திருக்கச் சொல்லி இசையைப் போட்டுவிடுவார்கள். அந்த இசைக்கு அடியில் ஓஸெல்லாவின் முனகல் கேட்கும். படுத்தாலும் விடவில்லை. இருட்டிலேயே விழிப்பு வந்துவிடும். போர்வைமேல், அங்கே இல்லாத மீனை அவள் கை பிளந்துகொண்டிருக்கும். தனக்குப் பைத்தியம் பிடிக்கிறதோ என்று பயந்து யாரிடமும் சொல்லாமல் இருந்தாள்.

விசாரணைக்கு முந்தின நாள் டெலோயிஸ் வந்தாள். உள்ளே வராமல் வாசலிலேயே நின்றாள்.

"மிஸ் வெர்லீன், நீங்க தூண்டிவிட்டதாச் சொன்னா என்னைத் திரும்ப வேலைக்கு எடுத்துக்கறேன்னு டார்ப்ளி சொல்றான். மத்தவங்ககிட்டயும் கேட்டிருக்கான்."

"உனக்குப் புள்ளைங்க இருக்கு கண்ணு. நான் ஒண்ணும் நினைச்சுக்க மாட்டேன்."

டெலோயிஸ் திரும்பிப் படியிறங்கிப் போய்விட்டாள். அன்றிரவு வெர்லீன் அழுதாள். கோபத்தில்தான் அழுதாள்.

மறுநாள் காலை, போன் மணிக்காக அடுக்களையில் தனியாக உட்கார்ந்திருந்தபோது கதவு தட்டப்பட்டது. சோளரொட்டிச் சட்டியோடு டெலோயிஸ். அவளுக்குப் பின்னால் வரிசைப் பெண்கள் அத்தனை பேரும்.

"எதுக்குடி இத்தனை பேரு? கல்யாணமா நடக்குது?"

"தனித்தனியாப் பேசினா தனித்தனியா முழுங்கிடுவான்" என்றாள் டெலோயிஸ். "நகருங்க, உக்காரணும்."

போன் அடித்தது; வெர்லீன் எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். விசாரணை அதிகாரி ஒரு பெண், அலுத்த குரல். மறுமுனையில் டார்ப்ளியும் இருந்தான்.

"மணியடிக்கறதுக்கு முன்னாடி ஏப்ரனைக் கழட்டினியா, இல்லையா?" என்று டார்ப்ளி முந்திக்கொண்டு கேட்டான்.

"கழட்டினேன்."

"விதி தெரியும்ல?"

"தெரியும்."

"அவ்வளவுதாம்மா" என்றான் அதிகாரியிடம். "இவ தூண்டிவிட்டு மத்தவங்களையும் கெடுத்தா. டெலோயிஸுக்குப் போன் போடுங்க, சாட்சி சொல்லுவா."

"போன் எதுக்கு? நான் இங்கதான் இருக்கேன், மிஸ்டர் டார்ப்ளி."

"எங்க?"

"மிஸ் வெர்லீன் வீட்டு அடுக்களையில. என்னை யாரும் தூண்டலை. ஓஸெல்லாவோட காலு தண்ணியில கிடந்துச்சு. அதை மூடத்தான் என்னோடதைக் கழட்டினேன். மூடிட்டுத் திரும்பவும் வேலைக்குத்தான் நின்னேன். நீதான் போகச் சொன்னே."

"நானும்" என்றது ஒரு குரல். "நானும்தான்" என்றது இன்னொன்று. ஒவ்வொருத்தியாகப் போனருகே குனிந்து தன் பெயரைச் சொன்னாள்.

அதிகாரி பெயர்களை ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டார். பிறகு, "மிஸ்டர் டார்ப்ளி, அந்தம்மா விழுந்ததும் மெஷினை எப்ப நிறுத்தினீங்க?" என்று கேட்டார்.

டார்ப்ளி இருமினான்.

தீர்ப்பு தபாலில் வரும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். எப்படி வரும் என்று யாருக்குத் தெரியும்?

"நாளன்னிக்கு என்னோட விசாரணை" என்றாள் டெலோயிஸ். "வேலையும் போச்சு, இனி பயமும் இல்லை. வருவீங்கல்ல?"

"எல்லாரும் வருவோம். ரொட்டி நான் சுடறேன், உன்னோடது கருகிக் கிடக்கு" என்றாள் வெர்லீன்.

சிரிப்பு அடங்கிய அமைதியில் வெர்லீனுக்கு மறுபடி அந்த முனகல் கேட்டது. பாத்திரம் கழுவும் தொட்டிப் பக்கமிருந்து வந்தது. திரும்பினாள். அங்கே யாருமில்லை. இனி மறைக்க முடியாது என்று தோன்றியது.

"அவ பாடறது உங்களுக்குக் கேக்குதா?" என்றாள்.

யாரும் சிரிக்கவில்லை. டெலோயிஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அன்னியிலேருந்தே கேக்குது, மிஸ் வெர்லீன். எங்க எல்லாருக்கும் கேக்குது."

பிறகு அந்தப் பாட்டை அவளே எடுத்தாள். ஒவ்வொருத்தியாகச் சேர்ந்துகொண்டார்கள். கடைசியில் வெர்லீனும் பாடினாள்.