மூன்றாவது ஓலை

"ஆடாம புடிடீ. மூஞ்சில வழியுது பாரு."

விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்து, நான்கு மாதக் குழந்தையின் தலையில் அப்பிக்கொண்டிருந்தாள் பாப்பா. குழந்தையைப் பிடித்துக்கொண்டிருந்தவள் அவள் மருமகள் ரெஜினா. மருமகள் மட்டுமல்ல, பாப்பாவின் கூடப் பிறந்த அண்ணன் முத்துசாமியின் மகளும்கூட. குழந்தையின் முடி பஞ்சு நிறம், தோல் பால் நிறம். வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தால் கண்கள் ஓரிடத்தில் நிற்காமல் அலையும். சாயங்காலம் கல்யாணப் புடவை பார்க்கத் தெருப் பெண்கள் வருகிறார்கள். அதற்குள் தலையையாவது கறுப்பாக்கிவிட வேண்டும் என்று பாப்பாவுக்கு வெறி. வெள்ளை நெற்றியில் கரி ஒழுகி, குழந்தை இன்னும் வெள்ளையாகத்தான் தெரிந்தது.

ரெஜினா மாமல்லபுரத்தில் ஒரு லாட்ஜில் படுக்கை விரிப்பு துவைத்தவள். அங்கே தங்குகிறவர்களில் பாதிப்பேர் வெள்ளைக்காரர்கள். சதுரங்கப்பட்டினத்துக்கு அருகிலிருந்த அந்தக் காலனிக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. ஞானஸ்நானம் ஆவதற்கு முன்பே குழாயடியில் பெயர் வைத்துவிட்டார்கள்: வெள்ளக்காரன் புள்ள.

"ஞாயித்துக்கெழம கோயில்ல மேரி கல்யாணத்துக்கு மூணாவது ஓல படிக்கிறாங்க. கல்யாணத்துக்கு ஜனம் வர்றதுக்குள்ள இத்த மடத்துல வுட்ரணும்," என்றாள் பாப்பா. "சிஸ்டருங்க கைல பேசிட்டேன்."

"எம் புள்ளய நான் குடுக்க மாட்டேன் அத்த."

"அப்ப நீயும் அதுங்கூடவே போய்டு."

கல்யாணம் பாப்பாவின் மகள் மேரிக்கு. மாப்பிள்ளை தாவீது, ரெஜினாவின் தம்பி. பெண் கொடுத்துப் பெண் எடுப்பது இந்த இரண்டு வீடுகளிலும் காலகாலமாக வருவது. ரத்தம் வெளியே போகக் கூடாது என்பார்கள். உள்ளேயே சுற்றுகிற ரத்தம் எதையெதையெல்லாம் சேர்த்துக்கொண்டு சுற்றுகிறது என்று யாரும் கேட்டதில்லை.

மறுநாள் ரெஜினா கணவன் ஜெரோமை விடாப்பிடியாக இழுத்துக்கொண்டு செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினாள். டாக்டரம்மா குழந்தையின் கண்ணைப் பார்த்தார், முடியைப் பார்த்தார், பிறகு இருவரையும் உட்காரச் சொன்னார்.

"ஒவ்வொருத்தர் உடம்புலயும் எல்லாத்துக்கும் ரெண்டு ஜீன் இருக்கு. ஒண்ணு அம்மா குடுத்தது, இன்னொண்ணு அப்பா குடுத்தது. தோலுக்கு நிறம் குடுக்கறது ஒண்ணு ஒழுங்கா வேலை செஞ்சாலே போதும், இன்னொண்ணு கெட்டிருந்தாலும் வெளியில தெரியாது. உங்க ரெண்டு பேர்கிட்டயும் கெட்டது ஒண்ணு ஒளிஞ்சிருக்கு. இந்தக் குழந்தைக்கு ரெண்டு பக்கத்துலேருந்தும் அதுவே வந்துடுச்சு. உங்களுக்கு ஒவ்வொரு பிரசவத்துலயும் நாலுல ஒரு பங்கு அப்படி வரலாம்."

"வெள்ளக்காரனுக்குப் பொறந்துதுன்னு சொல்றாங்கம்மா."

"அப்படின்னா மாநிறமா இருந்திருக்கும். இவர்கிட்டயும் ஒளிஞ்சிருந்ததாலதான் இவ்வளவு வெளுப்பு. சொந்தத்துலயா கட்டினீங்க?"

"அத்த புள்ள."

"அதான். ஒரே தாத்தா பாட்டிகிட்டேருந்து ரெண்டு பேருக்கும் வந்திருக்கும். உங்க கூடப் பொறந்தவங்ககிட்டயும் இருக்கலாம், அவங்களும் சொந்தத்துல கட்டினா இப்படிப் பொறக்கலாம். வெயில் படாம வளருங்க, கண்ணாடி போடுங்க. மத்த பிள்ளைங்க மாதிரி படிப்பா, விளையாடுவா."

ரெஜினா அங்கேயே விசும்பி அழுதாள். திரும்பும் பஸ்ஸில் ஜெரோம் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தான்.

"வூட்ல இத்தச் சொல்லாத."

"இன்னாத்துக்கு?"

"மேரி கல்யாணம் கீது. நம்ம ரத்தத்துலயே கோளாறுன்னு தெரிஞ்சா தாவீது பயந்துக்குவான். சொந்தத்துலயே வேணாம்னுட்டா வெளில எவன் கட்டுவான் அவள?"

"அப்ப என்னிய அவுசாரின்னு ஊரே பேசிக்கினு கீதே?"

"கொஞ்ச நாளு பேசுவாங்க. அப்பால மறந்துருவாங்க."

அவன் கெட்டவன் இல்லை. அவன் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. ஆனால் பழி ஒருத்தி தலையில் விழுந்தால் அவளோடு போய்விடும், ரத்தத்தின்மேல் விழுந்தால் குடும்பத்துக்கே கல்யாணம் நின்றுவிடும். பெண்டாட்டி ஏமாற்றிவிட்டாள் என்ற பேரைத் தாங்கிக்கொள்ள ஓர் ஆண்பிள்ளை தயாராகிவிட்டான் என்றால், இந்த வழக்கம் எவ்வளவு வலுவானது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ரெஜினா சொல்லாமல் இருக்கவில்லை. வீட்டுக்கு வந்ததும் பாப்பாவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். பாப்பா ஆச்சரியப்படவே இல்லை.

"எனக்கு இளையவ ஒர்த்தி இருந்தா," என்றாள் பாப்பா, அடுப்பைப் பார்த்தபடியே. "இதே மாதிரிதான். எங்கம்மா வெளிய காட்டவே மாட்டா. சின்னதுலயே காய்ச்சல்ல போய்ட்டா."

"தெரிஞ்சே என்னிய திட்டினியா அத்த?"

"எனக்கு மட்டுமா தெரியும்? உங்க நைனாவக் கேளு. அவருதான் அவளத் தோள்ல தூக்கினு திரிவாரு."

ரெஜினா அப்பா வீட்டுக்கு ஓடினாள். முத்துசாமி இல்லை என்று சொல்லவில்லை. "தாவீது வாழ்க்க கீதும்மா. கல்யாணம் முடியட்டும், அப்பால பாக்கலாம்," என்றார். பெற்றவரே அவளை விற்றுவிட்டார். கல்யாணம் முடிவதற்குள் குழந்தை மடத்துக்குப் போய்விடும் என்பது அவருக்குத் தெரியாததா என்ன?

ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஜனம் நிறைந்திருந்தது. ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். பூசை முடியும் தறுவாயில் பாதர் ஓலை படித்தார். மணமக்களின் பெயரை மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்து, தடை உண்டா என்று கேட்கிற முறை அது. கேட்பதும் சடங்கு, பேசாமல் இருப்பதும் சடங்கு.

"முத்துசாமி மகன் தாவீதுக்கும், பாப்பா மகள் மேரிக்கும் மூன்றாம் அறிவிப்பு. இவர்களுக்குள் ஏதேனும் தடை இருப்பதாக அறிந்தவர்கள் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள்."

ரெஜினா குழந்தையோடு எழுந்து நின்றாள்.

"எனக்குத் தெரியும் பாதர்."

பாப்பா அவள் புடவையைப் பிடித்து இழுத்தாள். ரெஜினா உதறிவிட்டாள்.

"தாவீது எங்கூடப் பொறந்தவன். மேரி எம் புருஷங்கூடப் பொறந்தவ. இந்தப் புள்ள எம் புருஷனுக்குத்தான் பொறந்துது. அதான் தடை."

பாதர் தடுமாறினார். "சொந்தத்துல கட்டறதுக்கு ஆயரே அனுமதி குடுத்துட்டாரேம்மா."

"ஆயரு கையெழுத்து போட்டாரு பாதர். ரத்தத்துக்குப் படிக்கத் தெரியாதே." அவள் குழந்தையைத் தோளுக்கு ஏற்றிக்கொண்டாள். "அவங்களுக்கும் இப்டித்தான் பொறக்கும்னு சொல்லல. பொறக்கலாம்னு டாக்டரம்மா சொன்னதத்தான் சொல்றேன். பொறந்தா, அன்னிக்கி மேரிய எந்த வெள்ளக்காரங்கூடச் சேத்து வெப்பீங்க?"

மேரி திரும்பித் தன் தாயைப் பார்த்தாள். பாப்பா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். முத்துசாமி தரையைப் பார்த்தார்.

ரெஜினா பெண்கள் பக்கத்திலிருந்து நடந்து ஆண்கள் பக்கத்துக்குப் போனாள். அந்தக் கோயிலில் எந்தப் பெண்ணும் அப்படிப் போனதில்லை. ஜெரோம் முன்னால் நின்று, குழந்தையை அவன் மடியில் வைத்தாள்.

"புடி. உம் புள்ள."

கோயிலே அவனைப் பார்த்தது. குழந்தை வெளிச்சத்துக்குக் கூசிச் சிணுங்கியது. மடியிலிருந்து இறக்கவும் துணியாமல், யார் முகத்தையும் பார்க்கவும் முடியாமல், ஜெரோம் தன் உள்ளங்கையை விரித்து அதன் கண்களுக்கு நிழல் பிடித்தான்.