விறகு நிலத்து வீடுகள்

ரெஜ் ஸ்டக்கியை வீட்டைக் காலி செய்யச் சொன்ன அதே வாரத்தில்தான், அந்த வீட்டின் கதையை அழகாக எழுதித் தரும்படி ஹெஸ்டர் யாண்டெலிடம் கேட்டார் பியர்ஸ் டார்வெல்.

ஞாயிறு வழிபாடு முடிந்து தேவாலய வாசலில் எல்லோரும் குடையை விரிப்பதா வேண்டாமா என்று வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்த நேரம். டார்வெல், ஸ்லோகோம் ஊரின் மாளிகைக்காரர். ஊரைச் சுற்றியுள்ள வயல், காடு, ஓடைக்கரை என்று பாதி நிலம் அவர் குடும்பத்துடையது. அவராகவே பக்கத்தில் வந்து பேசியதில் ஹெஸ்டருக்கு உள்ளூரச் சந்தோஷம்தான்.

“ஃபர்ஸ் ரோ வீடு நாலையும் விடுமுறைக்கு வர்றவங்களுக்கு விடப் போறோம், ஹெஸ்டர். லண்டன்காரங்களுக்குப் பழைய கதைன்னா உயிரு. யாரு கட்டினது, யாரு இருந்தது, பேய் கீய் இருந்தா இன்னும் விசேஷம். இதெல்லாம் உங்களை விட்டா யாருக்குத் தெரியும்?”

அது முகஸ்துதி இல்லை, உண்மை. பக்கத்து டவுனில் ஒரு வக்கீல் அலுவலகத்தில் வீட்டுப் பத்திரம் பார்ப்பதே ஹெஸ்டரின் வேலையாக இருந்தது. ஓய்வு பெற்ற பிறகும் பத்திரம் துருவும் ஆசை அவளை விடவில்லை. ஊரில் ஒவ்வொரு வீடும் யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எவன் குடித்து இழந்தான், எவள் மறுமணத்தில் கொண்டுபோனாள் என்று தேடித் தேடி எடுத்து வைத்திருந்தாள். புதிதாக வீடு வாங்குபவர்கள் ஒரு கேக்கைச் செய்து எடுத்துக்கொண்டு அவளிடம் வந்து கதை கேட்டுப் போவார்கள்.

திங்கட்கிழமை காலை, ஃபர்ஸ் ரோ என்ற அந்த நாலு வீட்டு வரிசையிலேயே நீண்ட காலமாக இருப்பவர் என்பதால், ரெஜ்ஜிடம் விசாரிக்கப் போனாள். லாரி ஓட்டிப் பிழைத்தவர். மனைவி பெரில் இறந்த பிறகு தனியாள். கொட்டகையிலிருந்த ஆணி டப்பாக்களையும் பழைய கண்ணாடி ஜாடிகளையும் பாதையில் பரப்பி வைத்திருந்தார்.

“என்ன ரெஜ், கடை போடப் போறியா?”

“காலி பண்றேன்.”

“கொட்டகையையா?”

“வீட்டை. ரெண்டு மாசம் டைம் குடுத்திருக்கான். எனக்கு மட்டும் இல்ல, நாலு வீட்டுக்கும். அந்தக் கைப்பிள்ளைக்காரி கெர்ரி நேத்து பூரா அழுதுக்கிட்டிருந்தா.”

ஹெஸ்டருக்குக் காது அடைத்தது. ‘விடுமுறைக்கு விடப் போறோம்’ என்று கேட்டபோது, உள்ளே இருப்பவர்கள் எங்கே போவார்கள் என்று தனக்கு ஏன் தோன்றவில்லை? பெருமையில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றோமே என்று நினைக்க முகம் எரிந்தது.

“நீ என்ன சொன்னே?”

“என்னத்தைச் சொல்றது? அவன் வீடு.”

“இதென்ன பேச்சு! ஒரு வார்த்தை திட்டக்கூடவா தோணல?”

“திட்டினா வீடு என்னுதாயிடுமா?” என்றார் ரெஜ், ஒரு ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபடி.

அந்த நிதானம் அவளை இன்னும் கொதிக்க வைத்தது. வீட்டுக்கு வந்து தேநீர்க் கெட்டிலை அடுப்பில் இடித்தாள். தங்கை டாஃப்னி, “கெட்டில் என்னடி பாவம் பண்ணுச்சு?” என்றாள். சகோதரிகள் இருவரும் தாத்தா காலத்து வீட்டில் சேர்ந்து இருந்தார்கள். ஃபர்ஸ் ரோ முடிகிற இடத்தில், ஆப்பிள் தோட்டத்தோடு கூடிய வீடு.

“அவன் வீடாம். ரெஜ் சொல்றான். அவன் வீடுதானான்னு நான் பாக்கறேன்.”

மாவட்ட ஆவணக் காப்பகத்தில் அவளுக்கு வழக்கமான மேசை உண்டு. ஊர்ப் பொதுநிலங்களைப் பங்கு பிரித்து வேலி போட்ட காலத்து வரைபடத்தை எடுத்து விரித்தாள். மலைச்சரிவும் ஓடையும் ஏறக்குறைய முழுவதும் டார்வெல் பெயரில்தான் போயிருந்தன. ஓரத்தில் மட்டும் ஒரு துண்டு நிலத்துக்கு வேறு நிறம். ஸ்லோகோம் ஏழைகள் என்றென்றைக்கும் ஃபர்ஸ் என்ற முட்புதரை வெட்டி அடுப்பெரித்துக்கொள்ள ஒதுக்கிய நிலம். பாதிரியாரும் தேவாலயக் காப்பாளர்களும் பொறுப்பாக ஓர் அறக்கட்டளை. பிற்பாடு நிலக்கரி வந்து முள்விறகு தேவையில்லாமல் போனபோது, ஊர்க்காரர்களே வசூல் செய்து, விதவைகளுக்கும் வீடற்றவர்களுக்கும் அதே நிலத்தில் நான்கு வீடுகள் கட்டியிருந்தார்கள். கல் சுமந்தவர்கள் பட்டியலில் ஸ்டக்கிகள் இருந்தார்கள்.

முதல் உலகப் போர் முடிந்த சில வருடங்களில் அந்த அறக்கட்டளையைப் பற்றிய பேச்சே நின்றுவிட்டது. அடுத்து அந்த வீடுகள் தலைகாட்டியது டார்வெல் எஸ்டேட்டின் வாடகைக் கணக்கில். அப்போது தேவாலயக் காப்பாளராக இருந்தவர் பியர்ஸின் கொள்ளுத்தாத்தா. இடையில் விற்பனைப் பத்திரம் எதுவும் இல்லை. ஹெஸ்டர் தேடாத இடமில்லை. விற்றவர் யாரும் இல்லை. வாங்கியவர் மட்டும் இருந்தார்.

இதில் எதுவும் ஒளித்து வைக்கப்படவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. யார் கேட்டாலும் எடுத்துக் கொடுத்திருப்பார்கள். நூறு வருடமாக யாரும் கேட்கவில்லை. தானும்தான் கேட்கவில்லை; மற்ற வீடுகளின் கதைக்குக் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள்.

மாளிகையின் சமையலறையில் ஹெஸ்டர் சொன்னதை டார்வெல் ஈரமான பூட்ஸைக் கழற்றிக்கொண்டே கேட்டார். அவள் கொண்டுவந்த நகல்களைப் புரட்டினார். கோபப்படவில்லை.

“சுவாரசியமா இருக்கு. ஆனா ஹெஸ்டர், இது கொள்ளுத்தாத்தா காலத்து விஷயம். நிலப்பதிவுல எங்க பேரு இருக்கு.”

“காவல் காக்கக் குடுத்ததை எத்தனை வருஷம் வெச்சிருந்தாலும் அது உங்களுதாகாது, மிஸ்டர் டார்வெல். அந்தப் பதிவுக்கு நீங்க என்ன பத்திரம் காட்டினீங்க? காலங்காலமா எங்களுதுன்னு ஒரு சத்தியப் பிரமாணம். அவ்வளவுதானே?”

அவர் நகல்களை மேசைமேல் அவள் பக்கம் தள்ளினார்.

“சரி. ரெஜ் இருக்கட்டும். சாகற வரைக்கும் அந்த வீட்ல இருக்கட்டும், வாடகைகூட ஏத்த மாட்டேன். உங்களுக்கு அதுதானே வேணும்? மத்ததைக் கிளற வேணாம்.”

“மத்த மூணு வீடு?”

“ஹெஸ்டர்.” குரல் இப்போது மென்மையாக இருந்தது, அதுதான் பயமாக இருந்தது. “அந்த வரைபடத்துல நிலம் எங்க முடியுதுன்னு பாத்தீங்கல்ல? அப்ப காப்பாளர் ரெண்டு பேரு. ஒருத்தர் எங்க கொள்ளுத்தாத்தா. இன்னொருத்தர் உங்க தாத்தா வால்டர் யாண்டெல். நீங்க இருக்கற வீட்டையும் தோட்டத்தையும் அவரு என்ன விலைக்கு எங்ககிட்ட வாங்கினாரு? நீங்க பத்திரம் பாக்கறவங்க. அந்தக் காசுக்கு ஒரு சைக்கிள்கூட வந்திருக்காது.”

ஹெஸ்டர் பார்த்திருந்தாள். நிறம் தீட்டிய அந்தக் கோடு தன் ஆப்பிள் தோட்டத்தையும் சுற்றிக்கொண்டு போவதைப் பார்த்திருந்தாள். பார்த்தும் விரலை வேறு பக்கம் நகர்த்தியிருந்தாள். ஊரில் எல்லா வீட்டு விலையையும் சந்தேகப்பட்டவள், தாத்தா கொடுத்த விலையை மட்டும் அந்தக் காலத்து மலிவு என்று எடுத்துக்கொண்டிருந்தாள்.

நகல்களை மேசையிலிருந்து வாரி எடுத்துக்கொண்டு மழையில் நடந்தாள். டார்வெல்மேல் வந்த கோபம் பாதி வழியில் தாத்தாமேல் திரும்பியது. மீசையை முறுக்கிக்கொண்டு தேவாலயத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மனிதர். சின்ன வயதில் அவளுக்கு ஆப்பிள் உரித்துக் கொடுத்த கை, எதில் கையெழுத்துப் போட்டது!

டாஃப்னிக்கு விஷயம் புரிய நேரமாகவில்லை.

“உனக்குப் பைத்தியமா? நாம இருக்கற வீட்டை நாமளே தூக்கிக் குடுக்கணுமா? வயசான காலத்துல நான் எங்கடி போவேன்?”

“ரெஜ் எங்க போவான்னு கேட்டியா?”

“ரெஜ் என் அண்ணனா தம்பியா? அவன் இருக்கட்டும்னுதான் சொல்லிட்டாரே, அப்புறம் என்ன வீம்பு? தாத்தா செத்து எத்தனை காலம் ஆச்சு, இப்பப் போயி அவரைத் திருடன்னு ஊர் முன்னாடி சொல்லப் போறியா?”

“அவரு திருடன்தான், டாஃப்னி.”

டாஃப்னி கையிலிருந்த துணியை வீசிவிட்டு மாடிக்குப் போய்க் கதவை அறைந்தாள்.

ஹெஸ்டர் அந்தப் பேரத்தை அப்படியே ரெஜ்ஜிடம் போய்ச் சொன்னாள். மறைக்க அவளுக்கு உரிமை இல்லை. அது அவருடைய வீடு, அவருடைய முதுமை. ரெஜ் ஒத்துக்கொண்டால் வாயை மூடிக்கொள்வது என்றுகூடத் தீர்மானித்திருந்தாள். அந்தத் தீர்மானத்தில் தன் ஆப்பிள் தோட்டமும் ஒரு ஓரத்தில் உட்கார்ந்திருப்பது அவளுக்குத் தெரியாமல் இல்லை.

ரெஜ் கேட்டுக்கொண்டே இருந்தார். கழுத்திலிருந்து மேலே சிவப்பு ஏறியது.

“என்னைய விலையா வெச்சானா?” என்றார். “கெர்ரி பிள்ளையோட தெருவுல நிக்கட்டும், ஸ்டக்கி மட்டும் சாகற வரைக்கும் ஜன்னல்லேர்ந்து வேடிக்கை பாக்கட்டும்னா? எங்க தாத்தன் கல்லு சுமந்த வீட்டை எனக்கே பிச்சையா போடறானா, அந்தப் பொறுக்கி?” ஒரு ஜாடி சுவரில் போய் உடைந்தது. “போடு, ஹெஸ்டர். ஊர்க்கூட்டத்துல போட்டு உடை. நான் பக்கத்துல நிக்கறேன்.”

ஊர் மன்றத்தில் அன்று நாற்காலி போதவில்லை. ஹெஸ்டர் வரைபடத்தின் நகலைச் சுவரில் ஒட்டினாள். டார்வெல்லிலிருந்து தொடங்குவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவள் தன் வீட்டில் விரல் வைத்தாள்.

“இது திருட்டு நிலம். திருடினதுல எங்க தாத்தாவுக்குப் பங்கு. நாளைக்கே எழுதிக் குடுக்கறேன். இந்த வீடு என் பேர்லதான் இருக்கு. இப்ப மத்த நாலு வீட்டுக்கு வருவோம்.”

கைதட்டல் வரும் என்று அவள் நினைத்திருந்தால் ஏமாந்திருப்பாள். முன்வரிசையில் ஒருவர் எழுந்து, “இப்படியே தோண்டிக்கிட்டே போனா நாளைக்கு என் வீட்டையும் எவனாவது கேப்பான். வீட்டு விலை என்ன ஆகறது?” என்று கத்தினார். “வேற வேலை இல்லையா இந்தம்மாவுக்கு?” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். கேக் கொண்டுவந்தவர்களில் சிலர் அவள் கண்ணைப் பார்க்காமல் கோட்டை மாட்டினார்கள். கெர்ரி மட்டும் இடுப்பில் குழந்தையோடு சுவரருகே போய், தன் வீடு இருந்த கட்டத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

அறக்கட்டளைகளைக் கண்காணிக்கும் அலுவலகம், வக்கீல்கள் என்று விஷயம் இழுத்துக்கொண்டே போனது. நாலு வீட்டுக்காரர்களையும் அதற்காக யாரும் காத்திருக்க விடவில்லை. கெர்ரி அம்மா வீட்டு வரவேற்பறை சோபாவுக்குப் போனாள். ரெஜ் டவுனில் பஸ் நிலையத்துக்கு மேலிருந்த ஒரு ஃப்ளாட்டுக்கு. டாஃப்னி ஒரே வீட்டில் இருந்துகொண்டே ஒரு முழுக் குளிர்காலம் அக்காவிடம் பேசவில்லை. உப்பு வேண்டுமென்றால் எழுந்து வந்து எடுத்துக்கொள்வாள். கடையில் ஹெஸ்டரை நிற்க வைத்துவிட்டு, பின்னால் வந்தவர்களுக்கு முதலில் சில்லறை எண்ணிக் கொடுத்தார் கடைக்காரர். அவளுக்குத் தூக்கம் கெட்டது. ஆனால் கோபம் கெடவில்லை. காலையில் எழுந்ததும் அது அவளுக்கு முன்னால் எழுந்து உட்கார்ந்திருந்தது.

கடைசியில் நீதிமன்றப் படி ஏறுவதற்கு முந்தைய வாரம் டார்வெல்லின் வக்கீல்கள் இறங்கி வந்தார்கள். நாலு வீடும் ஊர் அறக்கட்டளைக்கு. தவறு நடந்ததாக ஒப்புக்கொள்ளும் வார்த்தை எதுவும் இருக்காது. வாங்கிய வாடகை பற்றிப் பேச்சில்லை. புதிய பொறுப்பாளர்களாக உட்கார்ந்த ஊர்க்காரர்கள் ஒப்புக்கொண்டார்கள். ஹெஸ்டர் தன் வீட்டை எழுதிக் கொடுத்தாள். சகோதரிகள் அங்கேயே வாடகைக்கு இருக்கப் பொறுப்பாளர்கள் அனுமதித்தார்கள்.

சாவி கொடுக்கும் நாளில் ஃபர்ஸ் ரோ முன்னால் மேசை போட்டு, ஹாம் சாண்ட்விச்சும் ஆப்பிள் சைடரும் வைத்திருந்தார்கள். டார்வெல் நல்ல கோட்டில் வந்தார். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒரு பெண் புகைப்படம் எடுத்தாள்.

“எங்க குடும்பத்துக்கு இந்த ஊர்மேல எப்பவும் ஒரு பாசம் உண்டு,” என்றார் அவர். “இந்த வீடுகளை ஊருக்கு அன்பளிப்பாக் குடுக்கறதுல...”

ஹெஸ்டர் வாயைத் திறப்பதற்குள் பக்கத்தில் நாற்காலி கிறீச்சிட்டது.

“குடுக்கல,” என்றார் ரெஜ். பெரிய குரல், லாரியின் இரைச்சலுக்கு மேல் பேசிப் பழகியது. “திருப்பிக் குடுக்கறீங்க. அந்த வார்த்தையைச் சொல்லுங்க.”

டார்வெல் சிரிக்க முயன்றார்.

“சொல்லுங்க, ஐயா. நாங்க நிக்கறோம், அவசரம் இல்ல. ஏம்மா பேப்பர்காரம்மா, நீங்களும் எழுதிக்கங்க.”

கெர்ரி குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு எழுந்து நின்றாள். கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார். கூட்டத்தின் கடைசியில், சண்டைக்குப் பிறகு ஹெஸ்டரோடு எங்கேயும் சேர்ந்து வராத டாஃப்னி, கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றிருந்தாள். “சொல்லேன்யா, கால் வலிக்குது!” என்று கத்தினாள்.

“திருப்பிக் குடுக்கறோம்,” என்றார் டார்வெல், காலடிப் புல்லைப் பார்த்து.

நாலு சாவிகளையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். ரெஜ் ஒன்றை எடுத்துக்கொண்டு தன் பழைய வீட்டுக்குள் போனார், பின்னாலேயே ஹெஸ்டரும். விடுமுறைக்காரர்களுக்காக உள்ளே எல்லாவற்றையும் இடித்து மாற்றியிருந்தார்கள். பெரில் படுத்து இறந்த அறையின் நடுவில் ஒரு வெள்ளைக் குளியல்தொட்டி, ஜன்னலைப் பார்த்தபடி.

ரெஜ் அதைச் சுற்றி வந்தார். காலால் ஒரு உதை விட்டார். அது அசையவில்லை.

“ஒரு சம்மட்டி கொண்டா, ஹெஸ்டர்,” என்றார்.

அவள் ஆப்பிள் தோட்டத்துக் கொட்டகைக்குப் போனாள்.