ஏழாம் எண் பசுவை விற்கலாமா?

1. இந்தக் கதை முதலில் ஒரு கடிதமாகத்தான் இருந்தது. கர்கராலி நகருக்குத் தெற்கே எங்கள் ஊரில் எனக்கு மட்டுமே ஒழுங்காகக் கடிதம் எழுத வரும் என்பது பக்கத்து வீட்டு ஜெக்சென்பெக்கின் நம்பிக்கை. மாடு வெட்டும் கறிக்கூடத்துக்குத் தன் பெயரில் எழுதச் சொன்னார்: "ஏழாம் எண் பசுவுக்குப் பால் போதவில்லை. கன்று தேறவில்லை. வண்டி அனுப்பவும்."

2. முதல் தொடக்கம்: பரந்த புல்வெளியில் காற்று... (அடித்துவிட்டேன். காற்றால் ஒரு கிலோகூட ஏறாது.)

இரண்டாம் தொடக்கம்: கறிக்குக் கன்று வளர்த்து லாபம் பார்க்க, பசுவைக் கறக்கக் கூடாது. பாலெல்லாம் கன்றுக்கே. தேறாத கன்றின் தாயைக் கழித்துவிட வேண்டும். ஜெக்சென்பெக் இதைப் பண்ணைப் பயிற்சியில் கற்றுவந்து, எழுதிச் சுவரில் ஒட்டினார். இந்த இலையுதிர்காலத்தில் பதினொரு கன்றுகள் இருநூறு கிலோவைத் தொட்டன. ஏழாம் பசுவின் கன்று மட்டும் நூற்றைம்பது.

3. அவர் மனைவி ராபிகா. இந்தப் பாத்திரத்தின் மேல் எனக்குச் சந்தேகம் உண்டு.

கையெழுத்து வாங்கப் போனேன். டீ வந்தது.

"பாலை நல்லா ஊத்து ராபிகா. கடைப் பால்ல என்னமா ஆடை கட்டுது பாத்தியாடா!" என்ற ஜெக்சென்பெக், மூக்குக்கண்ணாடி தேட உள்ளே போனார்.

கடை நாற்பது கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. நான் அவளைப் பார்த்தேன்.

"என்ன மொறைக்கிற? நீயும்தானே மூணு கிண்ணம் குடிச்சே?"*

"அண்ணி, ஏழாம் நம்பரா?"

"மத்ததெல்லாம் உதைக்குது. இது ஒண்ணுதான் அசையாம நிக்கும். மனுஷன் குறட்டை விடும்போதே கறந்திடுவேன். அதுக்குப் போய்க் கத்தியா?"

"அப்போ சொல்லிடுங்களேன்."

"சொன்னா? சுவத்துல ஒட்டினவரு வெறும் டீ குடிப்பாரா? பயிற்சி முடிஞ்சு வந்த அன்னிக்கே 'பால் எங்கடீ'ன்னாரு."

(*நான்கு கிண்ணம்.)

4. முடிவு அ: ராபிகா உண்மையைச் சொல்கிறாள், அவர் திருந்துகிறார். (இருபது வருடமாக அவரைத் தெரியும். நீக்கினேன்.)

முடிவு ஆ: பசு வெட்டுக்குப் போகிறது. மறுநாள் ராபிகா நான்காம் எண் பசுவிடம் உதை... (எழுத மனம் வரவில்லை.)

5. ஆகவே அவர் கையெழுத்துப் போடவேண்டிய இடத்துக்கு நேர் மேலே, கடிதத்தின் அடியில், வரிசை பிசகாமல், ஒரு வரி சேர்த்தேன்: "மேற்படி பசு இரண்டு கன்றுகளுக்குப் பால் தருகிறது. இரண்டாவது நான். வயது ஐம்பத்திரண்டு, எடை நூற்றுப்பத்து கிலோ."

இதோ, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வருகிறார். படிக்காமல் கையெழுத்துப் போடுவாரா, படித்துவிட்டுப் பேனாவை என்மேல் எறிவாரா? நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். நான் வாசல் பக்கம் நகர்கிறேன்.