மிச்சம் ஒன்பது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாதிவழியில் நீங்களாகக் கண்டுபிடித்து முகம் சுளிப்பதைவிட அது மேல். போன வருஷம், 1978இல், பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனவன், பழைய பூட்டுகளுக்கும் ஓடாத கடிகாரங்களுக்கும் நடுவே கிடந்த ஒரு சின்ன ஜப்பான் கேமராவை வாங்கிக்கொண்டு வந்தேன். தோல் உறை போட்டது. ஒரு கைக்குள் அடங்கிவிடும். சாக்கு விரித்து உட்கார்ந்திருந்தவர், "உள்ள ரோல் கீது சார். அதுக்குத் தனியா ஒண்ணும் வாணாம், சேத்துதான்" என்றார்.

கேமராவின் தலையில் ஒரு சின்ன வட்டம் உண்டு. இன்னும் எத்தனை படம் எடுக்கலாம் என்று அது காட்டும். ஒன்பதில் நின்றிருந்தது.

யாரோ ஒருவர் ஒன்பது படம் மிச்சமிருக்கும்போது நிறுத்திவிட்டார். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். மற்றதெல்லாம் கற்பனை. உறையின் மடிப்பில் வெள்ளைத் தூள் ஒட்டியிருந்தது; சாக்பீஸ் என்று முடிவு கட்டினேன். சாக்பீஸ் என்றால் டீச்சர். எங்கள் தாம்பரத்தில் டீச்சர்களில் பாதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை என்னோடு அதே கிறிஸ்தவக் கோயிலில் பெஞ்சில் உட்காருகிறவர்கள். ஆகவே தபீதாள் என்று பெயர் வைத்தேன்.

"அது முகத்துக்குப் போடற பவுடரா இருந்தா?" என்றாள் என் மனைவி ஜெயசீலி.

"இருந்தா கதை போச்சு."

"சரி, மிச்சம் ஒன்பது இருக்குதுல்ல? என்னை ஒண்ணு எடுங்களேன்."

"அது கதைக்கு வேணும் ஜெயசீலி. எடுத்தா எட்டாயிடும்."

அவள் சிரித்துக்கொண்டே அடுப்படிக்குப் போய்விட்டாள்.

2

முதல் தொடக்கம்: "தபீதாள் அந்தக் கேமராவை முதன்முதலாகக் கையில் வாங்கியபோது வானத்தில்"

(நிறுத்திவிட்டேன். எனக்கு ஆளைப் பற்றி ஒன்றும் தெரியாதபோதுதான் வானத்தைப் பற்றி எழுத ஆரம்பிப்பேன்.)

இரண்டாவது தொடக்கம்: "பூகோளம் நடத்துகிறவர்கள் பூமியைப் பார்த்ததில்லை."

(கெட்டிக்காரத்தனம் பல்லிளிக்கிறது. அடித்தாயிற்று.)

மூன்றாவது தொடக்கம், சுற்றி வளைக்காமல்:

1972ஆம் வருஷம், தசரா விடுமுறைக்கு முந்தின சனிக்கிழமை, தபீதாள் டீச்சரும் ரேணுகாம்பாள் டீச்சரும் தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறி பீச் ஸ்டேஷனில் இறங்கினார்கள். தபீதாள் பூகோள டீச்சர், வயது முப்பத்தெட்டு, கல்யாணம் ஆகவில்லை. பதினைந்து வருஷமாகக் கரும்பலகையில் ஜோக் அருவியை வரைந்துகொண்டிருப்பவள், இந்தத் தடவை நேரில் பார்க்கப் போகிறாள். படம் எடுத்து வந்து பிள்ளைகளுக்குக் காட்ட ஒரு கேமரா வேண்டும். ரேணுகாம்பாள் அதே பள்ளியில் தையல் டீச்சர். கோவளத்து மீனவர் குடும்பத்திலிருந்து படித்து வந்த முதல் பெண். கீழ்க்கட்டளையில் ஒரு அறை எடுத்துத் தங்கியிருந்தாள்.

பர்மா பஜாரில் கடைக்காரர் இரண்டு கேமராக்களை எடுத்து வைத்தார். ஒன்று பெட்டி மாதிரி கனமானது. ஒரு ரோலுக்குப் பன்னிரண்டு படம். இன்னொன்று இது.

"இன்னா டீச்சர் யோசிக்கிறே? முப்பத்தாறு படத்து ரோலு போட்டா இதுல எய்பத்திரெண்டு படம் வுழும். ஒரு படம் எடுக்கிற எடத்துல ரெண்டு எடுக்கும். தூரம் பாக்க வாணாம், வெளிச்சம் பாக்க வாணாம். கண்ணை மூடிகினு அமுக்கு, அது பாத்துக்கும்."

"பெரிசையே வாங்கு தபீதா" என்றாள் ரேணுகாம்பாள். "அதுலதான் முகம் நல்லா விழும்."

"பன்னண்டு படத்தை வச்சிக்கிட்டு என்ன பண்றது? மைசூர் முடியறதுக்குள்ளயே தீர்ந்திடும்."

எழுபத்திரண்டு என்ற எண்ணில் தபீதாளுக்குத் தலை சுற்றிவிட்டது. அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பயணத்துக்குக் கைப்பைக்குள் போகிற கேமராதானே வசதி? அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் வாங்கியிருப்பேன். வாங்கியும் இருக்கிறேன்.

திரும்பி வரும்போது ரயிலில் ரேணுகாம்பாள் சொன்னாள்: "எழுபத்திரண்டுல ஒண்ணு எனக்கு."

"ஒண்ணு என்ன, கடைசி ரெண்டும் உனக்குத்தான்."

3

இந்த இடத்தில் ஜெயசீலி குறுக்கிட்டாள். "ஏங்க, பள்ளிக்கூடத்துல வருஷா வருஷம் குரூப் போட்டோ எடுப்பாங்களே. அதுல அந்தப் பொண்ணு இருக்க மாட்டாளா?"

உண்மையைச் சொன்னால், அந்தக் குரூப் போட்டோவை ஒழித்துக்கட்ட எனக்கு இரண்டு நாள் ஆயிற்று. முதலில் ரேணுகாம்பாளுக்கு அம்மை போட வைத்து லீவில் அனுப்பினேன். பாவமாக இருந்தது. பிறகு அவளைப் பின்வரிசையில் நிறுத்தி, தலைமையாசிரியையின் கொண்டையால் மறைத்துவிட்டேன். கொண்டை போதுமான அளவு பெரியது. நம்புங்கள்.

வேறொரு படம் இருந்தது. அதை நான் ஒழிக்க வேண்டியிருக்கவில்லை. ஸ்டுடியோவில் எடுத்து ஒரு மாப்பிள்ளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பியது. அவர்கள் சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை, படத்தைத் திருப்பியும் தரவில்லை. ரேணுகாம்பாளின் முகம் எந்த வீட்டு அலமாரியில் கிடக்கிறதோ, அவளுக்கே தெரியாது.

"இப்ப எடுக்கிறது யாருக்கு அனுப்பறதுக்கு?" என்று தபீதாள் ஒருமுறை கேலியாகக் கேட்டபோது அவள் சொன்னாள்: "யாருக்கும் இல்ல. நானே வச்சிக்கிறதுக்கு."

4

இருவரும் போய் வந்த சுற்றுலாவை நீட்டி முழக்கப் போவதில்லை. நீங்களும் எங்காவது போயிருப்பீர்கள்.

[ஒன்றே ஒன்று சொல்ல வேண்டும். இந்தக் கேமராவை நேராகப் பிடித்தால் படம் நெட்டையாக விழும், ஆள் நிற்பதற்கென்று அளவெடுத்தது போல. மலை, ஏரி என்று அகலமாக எடுக்க வேண்டுமானால் கேமராவைத் திருப்பிக் குத்தாக நிறுத்த வேண்டும். தபீதாள் பயணம் முழுக்கத் திருப்பியே பிடித்தாள்.]

சாமுண்டி மலை, அரண்மனை வாசல், சிரவணபெளகுளாவின் படிகள், சரளைக் கற்கள், மண்ணின் நிறம் மாறுகிற ஒரு சரிவு. எல்லாம் வகுப்புக்கு. ஜோக் அருவிக்கு முன்னால் மட்டும் கேமராவை நேராகப் பிடித்தாள். ரேணுகாம்பாள் முந்தானையைச் சரிசெய்துகொண்டு கைப்பிடிச் சுவரோரமாகப் போய் நின்றாள்.

"அருவியோட சேத்து என்னையும் எடேன்."

"நீ கொஞ்சம் தள்ளிக்கோ ரேணு. ஆள் நின்னா மறைக்கும். பிள்ளைங்களுக்கு உயரம் தெரியணும்."

ரேணுகாம்பாள் தள்ளிக்கொண்டாள். பக்கத்தில் ஒரு ஆள் நின்றால்தான் அருவியின் உயரமே தெரியும் என்பது பதினைந்து வருஷம் பூகோளம் நடத்தியவளுக்கு அந்த நிமிஷம் தோன்றவில்லை. பிற்பாடு தோன்றியது. தோன்றி என்ன பிரயோசனம்?

ஊர் திரும்பியபோது ரோல் முடிந்திருக்கவில்லை. முடியாத ரோலை யார் கழுவக் கொடுப்பார்கள்? நம் வீடுகளில் அது பெரிய ஊதாரித்தனம். பொங்கல் படமும் தீபாவளிப் படமும் ஒரே ரோலில் கிடக்கிற ஊர் இது. பன்னிரண்டு படத்து ரோல் என்றால் மைசூரிலேயே தீர்ந்து, கடைசி இரண்டும் வந்து, கதையும் அங்கேயே முடிந்திருக்கும்.

நவம்பரில் ஒரு ஞாயிறு சாயங்காலம் இருவரும் மாடம்பாக்கம் சிவன் கோயிலுக்குப் போனார்கள். ரேணுகாம்பாளுக்கு வேண்டுதல், தபீதாளுக்கு அந்தப் பழைய கட்டடத்தின் கல். மிச்சம் பத்து இருந்தது.

"நீ எதுலயுமே இல்ல தபீதா. குடு, நான் உன்னை எடுக்கிறேன். நில்லு அங்க."

சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்க வேண்டும் என்று தபீதாள் சொல்லிக்கொடுத்தாள். ரேணுகாம்பாள் அப்படியே நின்று அமுக்கினாள். அவளுடைய நிழல் மண்ணில் நீண்டு வந்து தபீதாளின் செருப்பைத் தொட்டது. மிச்சம் ஒன்பது.

"இப்ப நீ நில்லு" என்று தபீதாள் கேமராவை வாங்கினாள். நிஜமாகவே எடுக்கத்தான் வாங்கினாள். அப்போது தாம்பரம் பஸ் வந்துவிட்டது. அதை விட்டால் அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம் நிற்க வேண்டும். இருவரும் சிரித்துக்கொண்டே ஓடிப்போய் ஏறினார்கள்.

(இந்த பஸ்ஸை நான் தாமதப்படுத்தியிருக்கலாம். எழுதுகிறவனுக்கு அந்த அதிகாரம் உண்டு. மூன்று தடவை தாமதப்படுத்தி எழுதிப் பார்த்தேன். மூன்று தடவையும் தபீதாள் அவளை அந்தக் கல்லுக்கு முன்னால் நிறுத்தாமல் கல்லையே எடுத்தாள்.)

5

டிசம்பர் மழையில் ரேணுகாம்பாளுக்கு மஞ்சள் காமாலை கண்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். தபீதாள் ஒருநாள் கைப்பையில் கேமராவையும் போட்டுக்கொண்டு போனாள். ஏன் எடுத்துப் போனாள் என்று அவளும் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை; நானும் கேட்கவில்லை.

கேமராவைப் பார்த்ததும் ரேணுகாம்பாள் எழுந்து உட்கார்ந்தாள். பக்கத்துக் கட்டில் அம்மாளிடம் சீப்பு வாங்கித் தலையை வாரிக்கொண்டாள். பொட்டு வைத்துக்கொண்டாள். ஜன்னல் பக்கமாகத் திரும்பி, "ம்" என்றாள்.

தபீதாள் அமுக்கினாள். பொத்தான் இறங்கவில்லை. கண் வைத்துப் பார்க்கிற துளைக்குள் ஒரு சிவப்பு நாக்கு எழுந்து நின்றது. வெளிச்சம் போதாவிட்டால் அந்தக் கேமரா எடுக்காது, படத்தை வீணாக்காது. அந்தச் சமர்த்துக்காகத்தான் அதை வாங்கினாள். மறுபடி அமுக்கினாள். மறுபடி நாக்கு. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"இன்னா, உன் கேமராவுக்கே என்னைப் புடிக்கலையா?"

"அதில்ல ரேணு. வெயில் வரட்டும். நாளைக்கே எடுத்துடலாம்."

"சரி. நாளைக்குன்னா இந்தப் புடவை வேணாம். அந்த மாம்பழக் கலர்ப் புடவை எடுத்துனு வா."

மழை அந்த வாரம் முழுக்க விடவில்லை. விட்டபோது ரேணுகாம்பாள் இல்லை.

6

இனி வருவதுதான் நான் எழுதத் தயங்கிய இடம்.

ரேணுகாம்பாளின் அம்மா முத்தாலம்மாள் கோவளத்தில் மீன் விற்கிறவள். காரியத்துக்கு நாலு நாள் இருக்கும்போது தபீதாள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். கையில் துண்டு சுற்றிய ஏதோ ஒன்று.

"டீச்சரம்மா, பதினாறு வருது. பொண்ணுக்குப் படம் வச்சி மாலை போடணும். ஊட்ல ஒண்ணுகூட இல்ல. நீங்கோ ரெண்டு பேரும் டூரு போனீங்களே, நீ எந்நேரமும் படம் புடிச்சினே இருந்தியாம், பொண்ணு சொல்லிச்சி."

துண்டைப் பிரித்தாள். கண்ணாடி போட்ட புதுச் சட்டம். உள்ளே வெறும் அட்டை.

"ரோல் இன்னும் முடியலைம்மா" என்றாள் தபீதாள். வாயில் வந்தது அதுதான்.

"எத்தினி புடிச்சே?"

"அறுபதுக்கு மேல இருக்கும்."

முத்தாலம்மாளின் முகம் தெளிந்துவிட்டது. "அறுபதா! எனக்கு ஒண்ணே போதும் கண்ணு."

7

இதற்கு மேல் என்னிடம் மூன்று முடிவுகள் இருக்கின்றன. மூன்றையும் வைத்துவிடுகிறேன்.

அ. தபீதாள் ரோலைத் தாம்பரம் ஸ்டுடியோவில் கொடுக்கிறாள். இந்த மாதிரிச் சின்னப் படங்களை அவர்கள் ஒரு அட்டையில் இரண்டிரண்டாகப் போட்டுத் தருவார்கள். கடைசி அட்டையில் இடப்பக்கம் கோபுரம். வலப்பக்கம் தபீதாள், அவள் காலடியில் ஒரு நிழல். முத்தாலம்மாள் அந்த நிழலை விரலால் தடவி, "எம் பொண்ணு மொழங்கையை இப்டித்தான் தூக்கினு நிப்பா" என்கிறாள். அதையே சட்டத்தில் போட்டு மாலை சாத்துகிறார்கள்.

(இதை எழுதியபோது எனக்கு அழுகை வந்தது. அதனாலேயே இதன் மேல் சந்தேகம்; ரோல் இன்னும் கேமராவுக்குள்ளேயே கிடப்பது வேறு. என் அழுகையால் தபீதாளின் பாரம் ஒரு குந்துமணி அளவும் குறையக் கூடாது.)

ஆ. அன்று மாலை தபீதாள் விளக்கடியில் உட்கார்ந்து கேமராவின் பின்மூடியைத் திறக்கிறாள். ரோல் வெளிச்சம் குடித்துக் கெட்டுப்போகிறது. மூடுகிறாள். இனி "கெட்டுப்போச்சும்மா" என்று சொன்னால் அது பொய்யில்லை.

[இந்தக் கேமராவில் மூடியைத் திறந்தாலும் எண் மாறாது, அதைக் கையால்தான் திருப்பி வைக்க வேண்டும். ஆகவே என் மேஜையில் இருக்கும் கேமராவும் திறந்து மூடியதாக இருக்கலாம்.]

இ. தபீதாள் உண்மையைச் சொல்கிறாள். "உங்க பொண்ணை நான் எடுக்கவே இல்லைம்மா. கேட்டா. கேட்டுக்கிட்டே இருந்தா. நான் மலையை எடுத்தேன்." அதற்கு முத்தாலம்மாள்

முத்தாலம்மாள் சட்டத்தைத் திரும்பத் துண்டில் சுற்றியபடி

எனக்குத் தெரியவில்லை. முத்தாலம்மாளின் வாயில் ஒரு சொல் வைக்க எனக்கு யோக்கியதை இல்லை.

ரோலைக் கழுவக் கொடுத்துப் பார்த்துவிடேன் என்பீர்கள். கொடுத்தால் யாரோ ஒரு வீட்டுக் கல்யாணமோ, தொட்டிலில் கிடக்கும் குழந்தையோ வரும். ரேணுகாம்பாள் வர மாட்டாள். அவள் அந்தக் கறுப்புச் சுருளுக்குள் மட்டும்தான் இருக்கிறாள், அங்கேயும் நிழலாக.

8

இதுவரை எழுதியதை இன்று காலை ஜெயசீலிக்குப் படித்துக் காட்டினேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்தத் தபீதாள் மேல கோவம் கோவமா வருதுங்க" என்றாள்.

"எனக்கும்தான்" என்றேன்.

அவள் எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் கடைசிப் பகுதியைத் தொடங்கிவிட்டேன். அப்புறம் ஜன்னலுக்கு வெளியே குரல் கேட்டது. கோயிலுக்குக் கட்டுகிற புடவையைக் கட்டி, தலை வாரி, கிணற்றடியில் நின்றுகொண்டிருக்கிறாள். இருபது வருஷத்தில் அவளை நான் எடுத்த படம் என்று ஒன்றும் இல்லை என்பது இதை எழுதும்போதுதான் உறைக்கிறது.

"நல்ல வெயில் இருக்குதுங்க. வர்றீங்களா?"

கேமரா இதோ கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. மிச்சம் ஒன்பது.

"இதோ, கடைசி வரியை முடிச்சிட்டு வரேன்" என்று சொல்லியிருக்கிறேன். ஆகவே முத்தாலம்மாளுக்கு என்ன பதில் என்பதை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். அவள் இன்னும் வாசலில்தான் நிற்கிறாள், சட்டம் கையில் இருக்கிறது. எனக்கு இந்தக் கடைசி வரி சரியாக வரவில்லை. ஒருமுறை அடித்தேன், மறுபடி எழுதினேன். வேப்பமரத்து நிழல் கிணற்றைத் தாண்டி ஜெயசீலியின் தோள்வரை வந்துவிட்டது. அவள் கொஞ்சம் தள்ளி வெயிலுக்குள் நின்றுகொள்கிறாள். நான் இன்னும் எழுதிக்கொண்டிருக்கிறேன்.