வாசலில் ஒரு வேகத்தடை

அந்தத் தெருவுக்கு வேகத்தடை வேண்டும் என்று எல்லாரும் ஒரே குரலில் கேட்டார்கள். எங்கே போடுவது என்றதும் ஆளாளுக்குப் பின்வாங்கினார்கள். வாசலில் லாரி தடால் தடாலென்று விழுந்து எழுந்தால் யார் தூங்குவது? குடியிருப்போர் சங்கச் செயலாளர் படியேறிப் படியிறங்கி அலுத்துப்போன சமயத்தில் தையல்காரி வாயைத் திறந்தாள்.

"எங்க வாசல்ல போட்டுக்கோங்க சார்."

செயலாளர் ஓய்வுபெற்ற விளையாட்டு வாத்தியார். கழுத்தில் இன்னும் விசில் தொங்குவதால் தெருவில் அவருக்குப் பெயரே விசில். "இந்த மனசு யாருக்கு வரும்?" என்று பார்த்தவர்களிடமெல்லாம் சொன்னார். அவள் மறுக்கவில்லை. உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள்.

காலையில் அந்த வழியாகப் போகும் பள்ளி வேனை ஓட்டுபவன் அவளுடைய அண்ணன். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது இவள் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. "இனிமே வந்து என்ன?" என்று அண்ணன் எல்லார் முன்னாலும் கேட்டான். இவளும் வாய்க்கு வந்ததைக் கொட்டினாள். அதோடு பேச்சு நின்றது. வருஷங்கள் ஓடின, இறங்கி வர இருவருக்கும் மனசு வரவில்லை.

முன்பு வேன் சர்ரென்று கடக்கும், ஜன்னலில் நின்று பார்த்தால் சட்டைக் காலர்தான் தெரியும். வேகத்தடை வந்தபின் முகம் முழுசாகத் தெரிந்தது. மீசை நரைத்திருந்தது. ஒருநாள் கன்னத்தில் பிளாஸ்திரி. என்ன ஆச்சோ என்று அன்று முழுக்கத் தையல் கோணல்மாணலாக ஓடியது. அவனோ கழுத்து சுளுக்கியவன் மாதிரி நேரே பார்த்தபடியே போவான். குறுக்கு வழி என்று வருகிறான், என்னைப் பார்க்கவா வருகிறான் என்று நினைத்துக்கொள்வாள். அப்படி நினைக்கும்போதெல்லாம் வலித்தது.

வேகத்தடையாலும் நெரிசல் குறையவில்லை. தெருக்கோடியைக் கல் வைத்து அடைத்துவிடலாம் என்று சங்கம் கூடியது.

"அடைக்க வேணாம் சார்" என்றாள்.

"நீங்களாம்மா சொல்றீங்க? அந்தச் சத்தத்தையே தாங்கிக்கிட்டவங்க."



எதிர்வீட்டு டீச்சர் எழுந்தாள். "எங்க ஸ்கூல் வேனையே எடுத்துக்கோங்க. இந்தத் தெருவுல ஒரு பிள்ளைகூட அதுல ஏறல. மெயின் ரோட்டுல நேரா போனா சீக்கிரம் வந்துடலாம். அந்த டிரைவர் தினமும் இதுக்குள்ள நுழைஞ்சு சுத்திட்டு வர்றாரு. ஏன்னு கேட்டா, இங்க டிராபிக் கம்மிங்கிறாரு."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. தையல்காரி சிரிக்கவில்லை. சுற்றிக்கொண்டு வருகிறான். நேரே பார்த்தபடி போவதற்காக இத்தனை தூரம் சுற்றிக்கொண்டு வருகிறான். விசில் கை தூக்கச் சொன்னார். அவளைத் தவிர எல்லாரும் தூக்கினார்கள். திங்கட்கிழமை கல் வரும் என்றார்.

வெள்ளிக்கிழமை காலை அவள் ஜன்னலில் நிற்கவில்லை. தெருவில் இறங்கி நின்றாள். வேன் ஏறி இறங்கி அவள் பக்கத்தில் நின்றது.

"அண்ணே, திங்கட்கிழமையிலேர்ந்து இந்தப் பக்கம் அடைச்சிடுவாங்க."

"தெரியும். டீச்சரம்மா சொன்னாங்க."

கண்ணாடிக்கு வெளியே எதையோ பார்த்தபடி ஸ்டியரிங்கைத் தடவினான். பிறகு அவள் பக்கம் திரும்பினான். கண்கள் அப்பாவுடையவை.

"அடைச்சுட்டா உன் வீட்டுக்கு எந்தப் பக்கமா வரணும், பாப்பா?"

அவள் கையை நீட்டிக் காட்டினாள். "மெடிக்கல் ஷாப் தாண்டி இடது பக்கம் திரும்புண்ணே. கொஞ்ச தூரத்துல ஒரு தண்ணி டேங்க் வரும். அங்கேர்ந்து..."

பின்னால் ஹாரன்கள் அலறின. விசில் ஊதிக்கொண்டே ஓடிவந்தார். அண்ணன் தலையை ஆட்டிவிட்டு வண்டியை எடுத்தான்.

கல் வைத்து அடைத்தபின் வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் அவள் தலையை வாரிக்கொண்டு, தண்ணி டேங்க் அடியில் போய் நின்றாள். அதற்கு மேல் அவனுக்கு வழி தெரியாது.